சக்குபந்தி பிசகி வந்த வீடு

அநீதி இழைக்கப்பட்டது என் அத்தை தங்கபுஷ்பத்துக்கு. இழைத்தது மத்தியதரைக் கடலோரத்து நாடு ஒன்று. அவளுக்கு ஒரு வீட்டை விற்றது, விற்றதற்கு வரி வாங்கியது, வரி எண் ஒதுக்கியது, குப்பை வண்டி எந்தெந்தக் கிழமை வரும் என்று மின்னஞ்சலில் சொன்னது, இத்தனையும் செய்துவிட்டு அந்த வீட்டில் நீ காலெடுத்து வைக்கக் கூடாது என்று மூன்று முறை விசாவை மறுத்தது. நாட்டின் பெயரைச் சொல்ல மாட்டேன். திருநெல்வேலியில் சட்டம் படிக்கிறவள் நான். பெயர் சொல்லாமலே ஒருவரைக் கூண்டில் ஏற்ற முடியும் என்று நம்புகிறவள்.

மூன்று மறுப்புக்கும் காரணம் ஒன்றே. விண்ணப்பதாரர் தம் சொந்த நாட்டுக்குத் திரும்பிச் செல்வார் என்பதற்குப் போதிய ஆதாரம் இல்லையாம். மூன்றாவது கடிதத்தில் கூடுதலாக ஒரு வரி இருந்தது. நேர்காணல் முடிந்து எழுந்தபோது விண்ணப்பதாரர் அதிகாரியைப் பார்த்துத் தம் தாய்மொழியில் 'வருகிறேன்' என்று அறிவித்தார். தாய்மொழியில் சொன்னபடியால் அதுவே அவருடைய உண்மையான நோக்கமாகக் கொள்ளப்படுகிறது. அந்த அதிகாரி மாலை வகுப்பில் எட்டு மாதம் தமிழ் படித்தவராம். எட்டு மாதம் படித்தும் என்ன பிரயோஜனம், கேட்கிறேன். அத்தை சொன்னது "வாரேன்". எங்கள் ஊரான கீழத்தேரியில் கடைக்குப் போகிறவரும் அதைத்தான் சொல்வார், கப்பலுக்குப் போகிறவரும் அதைத்தான் சொல்வார், இனி இந்த வாசலை மிதிக்க மாட்டேன் என்று சண்டை போட்டுவிட்டுப் போகிற சம்பந்தியும் தெருமுனையில் திரும்பி நின்று "வாரேன்" என்பார். போறேன் என்ற சொல்லை வாசலில் நின்று எவரும் வாயில் எடுப்பதில்லை. விடைபெறுகிற சொல்லுக்குள்ளேயே திரும்பி வருவதை வைத்துத் தைத்திருக்கிற ஒரு பாஷை, திரும்பி வருவதற்கு இதைவிடப் பெரிய ஆதாரத்தை எங்கே போய் முத்திரை குத்தி வாங்கும்?

அத்தை ஏன் அங்கே வீடு வாங்கினாள் என்று ஊரே கேட்டது. குவைத்தில் ஒரு மருத்துவமனையில் இருபத்தேழு வருடம் நர்ஸாக இருந்தாள். அவள் தங்கியிருந்த விடுதி அறைக்கு ஜன்னல் கிடையாது. ஜன்னல் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு காலண்டர் தொங்கியது, அதில் வெள்ளைச் சுவரும் நீலக் கதவுமாக ஒரு வீடு, வீட்டுக்குக் கீழே கடல். வருடம் முடிந்தும் அவள் அந்தத் தாளைக் கிழிக்கவில்லை. வேலையை விட்டு வந்ததும், கைபேசியில் வீடு பார்த்து, அங்கே ஒரு வக்கீலை அமர்த்தி, பவர் எழுதிக் கொடுத்து, வீடியோவில் தலையாட்டி, அந்தக் காலண்டர் வீட்டின் ஒன்றுவிட்ட தங்கை மாதிரியே ஒரு வீட்டை வாங்கிவிட்டாள். சாவி கூரியரில் வந்தது. அதை அரிசி டப்பாவுக்குள் போட்டு வைத்தாள்.

என் அப்பா ராஜமணிக்கு ஆறவில்லை. "எக்கா, நம்மூர்ல கடல் இல்லையா?" என்று கேட்டார்.

"இருக்குல. அது முன்னால நான் ஒத்தையில உக்காந்தா, என்னட்டி ஒத்தையில உக்காந்திருக்கன்னு கேக்க ஒம்பது பேரு இருக்காவ."

அவள் கேட்டது அவ்வளவுதான். ஒரு ஜன்னல், ஜன்னலில் கடல், ஏன் என்று கேட்க ஆளில்லாத ஒரு நாற்காலி.

மூன்றாம் மறுப்பு வந்த வாரம் அவள் பத்திர எழுத்தர் சங்கரபாகத்திடம் போனாள். போகத்தான் முடியவில்லை, நான் வாங்கின வீட்டுப் பத்திரத்தை என் பாஷையிலாவது படித்துப் பார்க்கிறேன், தமிழில் எழுதிக் கொடும் என்றாள். சங்கரபாகம் முப்பது வருடமாக ஒரு புள்ளி பிசகாமல் எழுதுகிறவர். அந்த நாட்டுப் பத்திரத்தைப் புரட்டிப் பார்த்துவிட்டு, நிலத்துக்கு நீளமாக ஒரு எண் இருக்கிறதே தவிர சக்குபந்தி எங்கே என்று கேட்டார். கிழக்கே யார் நிலம், மேற்கே எந்தப் பாதை, வடக்கே என்ன, தெற்கே என்ன என்று நாலு எல்லையையும் சொல்கிற பகுதிக்குத்தான் சக்குபந்தி என்று பெயர்; அது இல்லாத பத்திரம் தாலி இல்லாத கழுத்து மாதிரி என்றார். தாலி இல்லாத கழுத்தோடுதான் அத்தை ஐம்பத்தாறு வருடம் நிமிர்ந்து நடக்கிறாள் என்று நான் ஆரம்பித்தேன். அரை மணி நேரம் நடந்த அந்த வாதத்தில் உவமையை வாபஸ் வாங்கினார், சக்குபந்தியை விடவில்லை. அந்த வீட்டுக்குக் கிழக்கே யார் இருக்கிறார் என்று அத்தைக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. இடத்தைக் காலியாக விட்டு அவருக்குப் பழக்கமில்லை என்பதால், தேரித்தெருக் கடைசியில் அத்தைக்குச் சொந்தமாக வெறுமனே கிடந்த ஏழு சென்ட் மனையின் எல்லைகளைப் பழைய கோப்பிலிருந்து எடுத்து, "இப்போதைக்கு இருக்கட்டும்" என்று எழுதி முடித்தார்: கிழக்கே கோயில்பிச்சை வீடு, மேற்கே பஞ்சாயத்துப் பாதை, வடக்கே ஒற்றைப் பனை, தெற்கே செல்லக்கனியின் ஆட்டுக் கொட்டில். இதற்குள்பட்ட வெள்ளைச் சுவர் ஓட்டு வீடு. அத்தை கையெழுத்துப் போட்டது திங்கட்கிழமை.

செவ்வாய்க்கிழமை காலை பதினொன்றேகாலுக்கு வீடு வந்தது. பத்திரத்தில் எழுதியதற்கு வீடுகள் கட்டுப்படுகின்றன, நாடுகள்தான் கட்டுப்படுவதில்லை.

தெருக்குழாயில் தண்ணீர் வந்துகொண்டிருந்த நேரம் அது. கோழி முட்டைமேல் உட்காருவதுபோல, பக்கத்துச் சுவர் எதிலும் இடிக்காமல், அக்கம்பக்கம் பார்த்து இறக்கையை ஒடுக்கிக்கொண்டு, நீலக் கதவும் வளைவு வைத்த தாழ்வாரமும் புகைக்கூண்டும் முற்றத்து எலுமிச்சை மரமுமாக அந்த வீடு ஏழு சென்ட்டில் அமர்ந்தது; வரிசையில் நின்ற ஒருவரும் குடத்தைவிட்டு நகரவில்லை, ஏனென்றால் தண்ணீர் மூன்று நாளைக்கு ஒருமுறைதான் வரும், வந்த வீடு எங்கே போகப்போகிறது. அத்தையும் வரிசையில்தான் நின்றாள். தன் முறை வந்து, குடம் நிறைந்து, அதை ஓரமாக வைத்து, முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு போய், அரிசி டப்பாவுக்குள் கைவிட்டுச் சாவியை எடுத்து வந்தாள். சாவியில் ஒட்டியிருந்த இரண்டு அரிசியை ஊதிவிட்டுக் கதவில் நுழைத்தாள். திறந்தது. உள்ளே அடுப்பு மேடையில் ஒரு சாம்பல் நிறப் பூனை தூங்கிக்கொண்டிருந்தது. கண்ணைத் திறந்து எங்களைப் பார்த்துவிட்டு மறுபடி தூங்கிப்போனது. அதற்கும் விசா இல்லை என்பதை நான் அப்போதே குறித்துக்கொண்டேன்.

அத்தை கூடத்தைத் தாண்டி ஓடினாள். ஐம்பத்தாறு வயதுக்காரி ஓடியதை அன்றுதான் பார்த்தேன், நானும் பின்னாலேயே ஓடினேன். விளம்பரப் படத்தில் கடல் தெரிந்த பெரிய ஜன்னல் அதுதான். நீலப் பலகையைத் தள்ளித் திறந்தாள். செல்லக்கனியின் பதினாறு ஆடுகளும் தலையைத் தூக்கிப் பார்த்தன.

வீடு மட்டும்தான் வந்திருந்தது. கடல் பத்திரத்தில் இல்லை.

ஆனாலும் வீடு வந்துவிட்டதே, வந்த வீட்டை வாசலில் நிறுத்தி வைக்கவா முடியும்? பால் காய்ச்ச வேண்டும் என்றார்கள். அந்த ஊர் மின்னடுப்பு நம் மின்சாரத்தைப் பார்த்து முகத்தைத் திருப்பிக்கொண்டதால், குளிர் காய்வதற்கென்று கூடத்துச் சுவரில் கட்டியிருந்த கணப்பு மாடத்தில் மூன்று கல்லைக் கூட்டி, பனையோலை வைத்து எரித்துப் பால் பொங்கவிட்டார்கள். புகைக்கூண்டு வழியாகப் புகை நேராக மேலே போவதைக் கண்ட கோயில்பிச்சை மாமா, கருவாடு வாட்ட இதைவிட நல்ல இடம் மாவட்டத்திலேயே கிடையாது என்று தீர்ப்புச் சொன்னார். பெரிய ஜன்னல் தெற்குப் பார்த்து இருக்கிறது, குடும்பத்துக்கு ஆகாது என்று வாஸ்து பேசியவரிடம், எட்டாயிரம் கிலோமீட்டர் தாண்டி வந்த வீட்டுக்கு எந்தத் திசை தெற்கு என்று நான் கேட்டேன். அவர் போய்த் திருஷ்டிப் பூசணிக்காய் ஒன்று வாங்கி வந்து கட்டிவிட்டு, அதோடு விட்டார்.

பஞ்சாயத்து எழுத்தர் வந்து கட்டட அனுமதி கேட்டார். கட்டவில்லையே, வந்தது என்றோம். வந்த வீட்டுக்கு அவரிடம் படிவம் இல்லை. யோசித்து யோசித்து, ஓட்டின் பாசியைச் சுரண்டிப் பார்த்து, "பழைய வீடு" என்று எழுதிக்கொண்டு போனார். மின்வாரியத்து லைன்மேன் உள்ளே வந்து சுவரில் இருந்த பிளக் ஓட்டைகளை நெடுநேரம் பார்த்துவிட்டு, இது வேறே மூக்கு, இதுக்கு நம்ம மூக்குத்தி சேராது என்றார். குளியல் தொட்டி இருந்ததே, ஆள் படுக்கிற நீளத்துக்கு, அதில் மூன்று நாள் தண்ணீரைப் பிடித்து வைத்தார்கள், ஒன்பது வீட்டுக்குக் காணும். கழிப்பறையில் குழாய் வைத்த இன்னொரு சின்னப் பீங்கான் இருந்தது. அது எதற்கு என்று தெருவே கூடி ஆராய்ந்து, உப்பளத்திலிருந்து வருகிறவர்கள் கால் கழுவுவதற்கு என்று முடிவானது. கால் உயரத்துக்குச் சரியாகத்தான் இருந்தது. எலுமிச்சம்பழத்தை முதலில் நம்பவில்லை, நம் பழத்தைவிட ஒன்றரை மடங்கு பெரிது. ஊறுகாய் போட்டுப் பார்த்த பிறகு நம்பினார்கள். பூனைக்குத் துரை என்று பேர் வைத்தார்கள். ஒரு வாரத்தில் துரை கருவாட்டுக்குப் பழகிவிட்டது. தேரித்தெரு என்ற பெயர் போய் 'வந்த வீட்டுத் தெரு' என்று தபால்காரரே எழுத ஆரம்பித்தார்.

ஆனால் சாயங்காலம் ஆனால் அந்த வளைவுத் தாழ்வாரத்தில் உட்கார இடம் இருக்காது. அத்தை நாற்காலியைத் தூக்கிக்கொண்டு பெரிய ஜன்னலுக்குப் போவாள், ஆடுகளுக்கு மேலே, கொட்டில் கூரைக்கு மேலே, கடல் இருந்திருக்க வேண்டிய உயரத்தில் பார்வையை வைப்பாள், வைத்த அடுத்த நிமிடம் யாராவது எட்டிப் பார்த்து, "என்னட்டி, ஒத்தையில உக்காந்திருக்க?" என்பார்கள். தன் சொந்தக் காசில் வாங்கின தன் சொந்த வீட்டில், சொல்லுங்கள், இது எந்த நியாயத்தில் சேர்த்தி?

மூன்றாம் மாதம் அந்த நாட்டு அதிகாரி வந்தார். சென்னையிலிருந்து வாடகைக் காரில், நெற்றியெல்லாம் வேர்வையோடு. நேர்காணலில் 'வருகிறேன்' என்று எழுதிக்கொண்ட அதே ஆள். "வணக்கம், அம்மையீர்" என்றார். பாடப்புத்தகத்திலிருந்து இறங்கி வந்த தமிழ். அவர்கள் மலைச்சரிவில் ஒரு வீடு காணவில்லை. பக்கத்து வீட்டுக்காரர்கள் புகார் கொடுத்திருக்கிறார்கள். இல்லம் எவ்வாறு இவ்விடம் வந்தது என்று கேட்டார். பத்திரம் சொன்னபடி வந்தது என்று அத்தை சொன்னாள். அவருக்குக் காபி கொடுத்தோம். துரையைப் பார்த்ததும் தன் பாஷையில் ஏதோ சொல்லிக் கூப்பிட்டார், அது அவரை முகர்ந்துவிட்டு அத்தை காலடிக்கே போய்விட்டது. நான் அவரை விடவில்லை, சொத்துரிமை, சம உரிமை, இயற்கை நீதி என்று வரிசையாக எடுத்து வைத்தேன். அவர் ஒவ்வொன்றுக்கும் தலையசைத்துவிட்டு, எழுத்து மூலம் தெரிவிக்கப்படும் என்றார். பிறகு எழுந்து, தொப்பியை எடுத்துக்கொண்டு, தெரு முழுக்கப் பார்த்துக்கொண்டிருக்க, வாசலில் நின்று தெளிவாகச் சொன்னார்:

"நான் போகிறேன்."

தெருவே பதறியது. செல்லக்கனி ஆட்டுக்குப் போடவிருந்த குழைக்கட்டைக் கீழே போட்டுவிட்டு ஓடி வந்தாள். "நல்லா இருப்பீய, அப்படிச் சொல்லப்படாது. வாரேன்னு சொல்லுங்க."

"ஆனால் நான் வரப்போவதில்லையே."

"வரச் சொல்லி யாரு கூப்பிட்டா? சொல்லுங்க, அது போதும். போறவுக அப்படித்தான் சொல்லணும்."

அதிகாரியின் முகம் காதிலிருந்து தொடங்கிச் சிவந்தது. அத்தையைப் பார்த்தார். அத்தை காபி டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். நோட்டை எடுத்து எதையோ அடித்தார், எதையோ எழுதினார். பிறகு ரொம்பக் கவனமாக, மருந்தைக் குடிக்கிறவர்போல, "வாரேன்" என்று சொல்லிவிட்டுக் காரில் ஏறினார்.

கடிதம் இருபது நாளில் வந்தது. நாலு பத்தி. முதல் பத்தியில், வீடு அறுபது நாளைக்குள் பழைய இடத்துக்குத் திரும்பாவிட்டால் விற்பனை செல்லாது, உரிமை ரத்து. இரண்டாவதில், வீட்டோடு வர விரும்பினால் உரிமையாளருக்குத் தொண்ணூறு நாள் விசா தரப்படும். இதைப் படித்ததும் நான் குதித்தேன், அத்தை கையைப் பிடித்துக்கொண்டு குதித்தேன். மூன்றாவது பத்தியில் குதிப்பு நின்றது. தொண்ணூறாம் நாள் உரிமையாளர் திரும்பிவிட வேண்டும், வீடு திரும்பக் கூடாது. இணைத்துள்ள படிவத்தில் இரண்டு உறுதிமொழிக்கும் எதிரே உள்ள கட்டத்தில் ஒப்பமிட வேண்டும். அதாவது வீடு வேண்டும், வாங்கினவள் வேண்டாம். ஆரம்பத்திலிருந்தே அவர்கள் சொன்னது இதைத்தானே?

சங்கரபாகம் மட்டும் நாலாவது பத்தியிலேயே நின்றார். வீட்டைத் தவறான சரிவில் இறக்கிவிடப் போகிறோமே என்ற பயத்தில் அவர்களே எல்லையைக் குறித்து அனுப்பியிருந்தார்கள்: கிழக்கே ஒரு விதவையின் பழத்தோட்டம், மேற்கே கரைக்கு இறங்கும் கல்படிகள், வடக்கே தேவாலயத்து மதில், தெற்கே கடல். "சக்குபந்தி கிடைச்சிட்டே," என்றார் அவர், கண் கலங்க. "தெற்கே கடல். எப்படி ஒரு எல்லை பாருங்கம்மா."

அன்றைக்கே அவர் ஒன்றுக்கு இரண்டு பத்திரமாக எழுதினார். ஒன்று போவதற்கு, அந்த நாலு எல்லையோடு. மற்றது தொண்ணூறாம் நாள் தேதி போட்டு, கிழக்கே கோயில்பிச்சை வீடு, தெற்கே ஆட்டுக் கொட்டில். இரண்டாவதில் அத்தை முன்கூட்டியே கையெழுத்துப் போட்டு என்னிடம் கொடுத்தாள். அந்தத் தேதியில் முத்திரை வைத்து முடிக்க வேண்டியது என் பொறுப்பு. பதிலை மட்டும் நான் எழுதினேன். பதினோரு பக்கம், நாற்பத்து மூன்று அடிக்குறிப்பு. ஒவ்வொரு வரியையும் பல்லைக் கடித்துக்கொண்டு எழுதினேன். அத்தை சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டே கடைசிவரை கேட்டாள்.

"நல்லாருக்குட்டி வக்கீலு," என்றாள். "இதுல நான் எங்க இருக்கேன்?"

பதினோரு பக்கத்தையும் திரும்பப் புரட்டினேன். அவள் இல்லை.

இதற்குள் செய்தி பரவிவிட்டது. பூனை அடுப்பு மேடையில் இருந்தபடியே வந்திருக்கிறது என்றால், வீட்டுக்குள் இருக்கிறவர்கள் எல்லாம் வீட்டோடு போவார்கள் என்றுதானே அர்த்தம்? தாழ்வாரத்தில் பெட்டிகள் சேர ஆரம்பித்தன. கோயில்பிச்சை மாமா சூட்கேஸுக்குக் கயிறு கட்டிக் கொண்டுவந்து, ஜன்னலோரம் தனக்கு என்று துண்டைப் போட்டுவைத்தார். செல்லக்கனி இரண்டே இரண்டு ஆடு என்று மன்றாடினாள். என் அப்பா, நம்மூர்ல கடல் இல்லையா என்று கேட்ட அதே அப்பா, சட்டையை இஸ்திரிக்குக் கொடுத்திருந்தார். நானும் பையைக் கட்டிவிட்டேன், மறைப்பானேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை அத்தை ஒவ்வொரு பெட்டியாகத் தூக்கித் தெருவில் வைத்தாள். கோபமில்லை. சந்தோஷமாகத்தான் வைத்தாள், கல்யாண வீட்டில் பாத்திரம் எண்ணி வைக்கிறவள் மாதிரி. "இந்தத் தடவை நானும் வீடும் மட்டும்," என்றாள். நான் என் தரப்பை எடுத்து வைத்தேன். விசாவுக்காகச் சண்டை போட்டது யார், சட்டம் பேசியது யார், கூட வரும் உரிமை எனக்கு இல்லையா என்று முக்கால் மணி நேரம் பேசினேன். அவள் என் கன்னத்தைத் தட்டினாள்.

"உனக்குத் தனியாச் சொல்லணுமா? நீயும் வராத. அந்த ஜன்னல்ல நான் ஒத்தையில உக்காரணும். ஏன்னு கேக்க அங்க ஆளே இருக்கப்படாது. தொண்ணூறு நாளுட்டி. பொறவு, யார் வேணும்னாலும் வந்து கேளுங்க."

என் வாழ்நாளில் நான் முழுசாகத் தோற்ற வாதம் அது ஒன்றுதான். தோற்றதில் எனக்கு ஏன் அத்தனை குஷி என்று இன்னும் தெரியவில்லை.

பத்தரை மணிக்கு அதிகாரி பதிலை வாங்க நேரிலேயே வந்தார். வாரேன் என்று சொல்லிவிட்டுப் போனவர் வரத்தானே வேண்டும் என்று செல்லக்கனி சொன்னாள். அத்தை நீலக் கதவின் நிலைப்படிக்கு உள்ளே நின்றாள், குவைத்தில் உடுத்தின வெள்ளைச் சேலை, காலடியில் துரை. படிவத்தைக் கதவின்மேலேயே வைத்து, உரிமையாளர் திரும்புவார் என்ற கட்டத்தையும் வீடு திரும்பாது என்ற கட்டத்தையும் தொடாமல் விட்டு, அடியில் மிச்சமிருந்த வெள்ளையில் எழுதினாள். தாய்மொழியில் சொன்னால்தானே உண்மையான நோக்கமாகக் கொள்வார்கள், அதனால் தமிழில் எழுதினாள். அதிகாரி எழுத்துக் கூட்டிப் படித்தார், நிமிர்ந்து அவளைப் பார்த்தார், சிரித்துவிட்டார். சங்கரபாகம் போகிற பத்திரத்தில் முத்திரையை ஓங்கிக் குத்தினார். வீடு லேசாக உடம்பை உதறி இறக்கையை விரித்தது, எலுமிச்சை மரம் நாலு பழத்தைத் தெருவில் உதிர்த்தது, குழாயடியில் குடத்தோடு நின்ற அத்தனை பேரும் திரும்பினார்கள். அத்தை படிவத்தில் எழுதிக் கொடுத்ததையே, தனக்கும் வீட்டுக்கும் சேர்த்து, வாய்விட்டுச் சொன்னாள்:

"போயிட்டு வாரோம்."